ஐந்து மில்லிமீட்டர் பேண்டு: அரிசோனா மாதிரிக் கப்பல், ஆறாவது வாரம்

உடற்பகுதி, பீரங்கிக் கோபுரங்கள், முக்காலிக் கம்பங்கள் எல்லாம் போன மாதமே முடிந்துவிட்டன. யு.எஸ்.எஸ். அரிசோனா, 350-இல் ஒரு பங்கு அளவு. 1941 டிசம்பர் 7 அன்று ஹவாயின் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தில் ஜப்பானிய விமானத் தாக்குதலில் மூழ்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் அது. நிஜக் கப்பலின் நீளம் 185 மீட்டர். என் மேசையில் நிற்பது 53 சென்டிமீட்டர். நிறத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். 1941 டிசம்பரில் அது சாம்பலா நீலமா என்று மாதிரி செய்பவர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். நான் கருஞ்சாம்பலை அடித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

இந்த வார வேலை பேண்டு. அமெரிக்கக் கடற்படை தன் பேண்டுகளுக்கும் எண் கொடுத்திருந்தது. அரிசோனாவில் இருந்தது 22-ஆம் பிரிவு. தலைவர் ஃபிரெட் கின்னி, அவருக்குக் கீழே 20 பேர். வாஷிங்டனில் இருந்த கடற்படை இசைப் பள்ளியில் ஒன்றாகப் பயின்று, 1941 ஜூனில் ஒரே குழுவாகக் கப்பலேறியவர்கள். காலையில் கொடியேற்றத்துக்கு வாசித்த அதே ஆட்கள் நடன இசையும் வாசித்தார்கள்.

இந்த அளவில் ஓர் ஆள் ஐந்து மில்லிமீட்டர்தான். ரெசின் உருவங்கள் கிடைத்தன, வாத்தியங்கள் கிடைக்கவில்லை. பழைய இயர்போன் ஒயரைப் பிரித்து, அதன் செம்பு இழையில் கிளாரினெட் வெட்டினேன்: இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. சூசபோன் என்ற பெரிய பித்தளை ஊதுகருவியின் அகன்ற வாய்க்கு மாத்திரை அட்டையின் தகட்டைத் துளியளவு வெட்டி, மழுங்கிய ஊசி முனையால் அழுத்திக் குழித்தேன். மூன்று கிழிந்தன, நான்காவது சரியாக வந்தது. பூதக்கண்ணாடியும் சாமணமுமாக நான் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: “எறும்புக்கா பெயின்ட் அடிக்கிறாய்?”

வெள்ளைச் சீருடைதான் பெரிய தொல்லை. வெள்ளைப் பிரைமர் (அடிப்பூச்சு) மேல் வெள்ளை அடித்தால் எங்கே அடித்தோம் என்றே தெரியவில்லை. சாம்பல் பிரைமருக்கு மாறிய பிறகுதான் பிழைத்தேன்.

பாதி முடிந்தபோதுதான் அடிப்படையே தவறு என்று தெரிந்தது. தேசிய கீதம் முழங்க, வாத்தியங்களை வாயில் வைத்தபடி எல்லாரையும் அமைத்திருந்தேன். குண்டுகளுக்கு நடுவே கீதம் வாசித்தது பக்கத்தில் நின்ற நெவாடாவின் பேண்டு. அதன் தலைவர் ஓடன் மெக்மில்லன் எட்டு மணிக்குக் கைகளை உயர்த்தித் தொடங்க, விமானம் சுட்டுக்கொண்டே தலைக்கு மேல் போயிருக்கிறது. பாட்டை முடித்த பிறகே கலைந்து ஓடினார்கள். நான் இரண்டு கப்பல்களையும் குழப்பிவிட்டேன். தாக்குதலுக்கு முந்தைய இரவு கப்பல் பேண்டுகளுக்கு நடந்த இசைப் போட்டியில் அரிசோனா குழு வென்றது என்று நம்பியதும் இதே ரகம். அன்று அவர்கள் வெறும் பார்வையாளர்கள். கோப்பை அவர்களுக்கு வந்தது இறந்த பிறகு.

ஆகவே நேரத்தை மாற்றினேன். காட்சி இப்போது 7.54. கொடியேற்றத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு எச்சரிக்கைக் கொடி ஏறும். அதற்கும் ஒரு நிமிடம் முன்னால். பின்தளத்தில் பேண்டு வரிசையாக நிற்கிறது, வாத்தியங்கள் கீழே தாழ்ந்திருக்கின்றன. பதினொரு பேரின் கைகளை வெட்டி மறுபடி ஒட்ட வேண்டியிருந்தது. சூப்பர் குளூவின் ஆவி பட்டுத் தளத்தில் வெண்புகை படிந்தது தனிக்கதை. மங்கல் வார்னிஷ் பூசி ஒருவாறு மறைத்தேன்.

தாக்குதல் தொடங்கியதும் அவர்கள் ஓடிய இடம் பீரங்கிக் கோபுரத்தின் அடிப்பகுதி. போர் என்று வந்தால் பேண்டுக்காரர்களின் வேலை வெடிமருந்தை மேலே அனுப்புவது. பிரிட்டிஷ் கப்பல்களில் ராயல் மரீன் இசைக்காரர்கள், பீரங்கிகளுக்குக் குறி கணக்கிடும் அறையில், கப்பலின் அடிவயிற்றில் உட்கார்ந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அவர்களில் 225 பேர் இறந்தார்கள். கப்பலில் பேண்டு என்றால் அலங்காரம் என்று நினைத்துதான் நானும் இதை ஆரம்பித்தேன். எட்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் அரிசோனாவின் முன்பக்க வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. கப்பலில் இறந்த 1,177 பேரில் இந்த 21 பேரும் அடக்கம். ஒருவர்கூட மிஞ்சவில்லை.

நேற்றிரவு எண்ணினேன்: இருபதுதான் வந்தது. பெரிய டிரம்காரர் சாமணத்திலிருந்து தெறித்து எங்கோ விழுந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை டார்ச் அடித்துத் தேடும்வரை இந்த அறையைப் பெருக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.