ரீடிங், ஸ்பெல்லிங் புரோகிராமை மாத்தறதா வேண்டாமா: டர்பன்ல நாங்க பட்ட பாடு

ஒரு வழியா முடிவு பண்ணிட்டோம். பொண்ணோட ரீடிங், ஸ்பெல்லிங் புரோகிராமை மாத்தலாமா வேண்டாமான்னு பல மாசமா மண்டைய உடைச்சுக்கிட்டு, நடுவுல காசு போய், பெட்ரோல் போய், தூக்கமும் போய், இப்பதான் மூச்சு விடறேன். வீட்ல தமிழ் பேசிக்கிட்டு வெளிநாட்டுல உக்காந்து பிள்ளைக்கு இங்கிலீஷ் படிக்க எழுத சொல்லிக்குடுக்கற அம்மாக்கள் யாராவது இதே குழப்பத்துல இருந்தா, புது செட் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சுடுங்க.

நாங்க இருக்கறது தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த். பொண்ணுக்கு 8 வயசு. ஹோம்ஸ்கூலுக்கு மாகாணக் கல்வித்துறையில பதிவெல்லாம் முடிச்சாச்சு, அதுல சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா 2024ல பெலா சட்டம்னு இங்க ஸ்கூல் கல்விச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கையெழுத்தானதுலேர்ந்து எங்க ஹோம்ஸ்கூல் அம்மாக்கள் நடுவுல அசெஸ்மென்ட் பத்திதான் பேச்சு. கிரேடு 3 முடிஞ்சா ஃபவுண்டேஷன் ஃபேஸ்ங்கற ஸ்கூலோட முதல் கட்டம் முடியுது, அதுக்குள்ள பொண்ணு ஒழுங்கா எழுதணுமேன்னு எனக்கு பயம். அதுக்கு மேல, இந்த நாட்டுல நாலாம் கிரேடு பிள்ளைங்கள்ல 81 சதவீதம் பேரால படிச்சதை புரிஞ்சுக்க முடியலன்னு 2021 பிர்ல்ஸ்ங்கற சர்வதேச ரீடிங் ஆய்வு வேற சொல்லிடுச்சா, ராத்திரி அதையே நினைச்சுக்கிட்டு படுத்திருப்பேன்.

நாங்க வெச்சிருந்தது அமெரிக்க புரோகிராம், ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறைதான், அதாவது எழுத்தையும் சத்தத்தையும் பாத்து, கேட்டு, தொட்டு படிப்படியா சேர்த்து படிக்கறது. எழுத்து டைல்ஸ், கார்டு, தினமும் கொஞ்ச நேரம், ரீடிங்குக்கு தனி புக்கு ஸ்பெல்லிங்குக்கு தனி புக்கு. ரீடிங் ஓரளவு ஓடுச்சு. ஸ்பெல்லிங் அப்படியே நின்னு போச்சு. டிக்டேஷன் போட்டா பேனாவுக்கு பி ஐ என்னு எழுதறா, ட்ரிப்புன்னு சொன்னா நடுவுல ஆர் காணாம போகுது, பார்த்தேன்னு சொல்ற சா-க்கு எஸ் ஏ டபிள்யூ எழுதாம எஸ் ஓ ஆர் எழுதறா. ஒரே வாரத்துல ஒரே வார்த்தைய மூணு விதமா எழுதுவா, அப்புறம் அவளே அழுவா.

சரி யாராவது விவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டலாம்னு, தெரிஞ்சவங்க சொல்லி ஒரு ரீடிங் ட்யூட்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அங்கதான் எனக்கு இன்னிக்கும் ஆறாத கோபம். கொஞ்ச நேரம் ஒரு பக்கத்தை படிக்க வெச்சாங்க, நான் கொண்டு போன நோட்டை ரெண்டு புரட்டு புரட்டினாங்க, உடனே தீர்ப்பு. புரோகிராமே தப்பு, மொத்தமா மாத்துங்க, அவங்க கிளாஸ் எடுக்கற புரோகிராமுக்கு வாங்க, அதோட வீட்ல தமிழ் பேசறதை நிறுத்திட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, பிள்ளை குழம்பறதே அதனாலதான்னாங்க. பிள்ளை பக்கத்துலயே உக்காந்திருக்கா. எங்கம்மாகிட்ட போன்ல அவ பேசறது தமிழ், அவ கனவு காணறது தமிழ், அதை நிறுத்துன்னா என்ன அர்த்தம்?

எங்க எதிர்வீட்டு ஆன்ட்டிகிட்ட சொன்னப்ப அவங்க கண்ணு கலங்கிடுச்சு. 1860ல மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோ கப்பல்ல முதல் இந்தியத் தொழிலாளிங்க வந்து இறங்கின ஊரு இது. ஆன்ட்டியோட ஆயா வரைக்கும் வீட்ல தமிழ்தான், இவங்களுக்கு தேவாரம் மனப்பாடமா பாடத் தெரியும், ஆனா ஒரு வாக்கியம் சொந்தமா பேச வராது. அதை விட்டுடாதேம்மான்னு என் கைய பிடிச்சுக்கிட்டாங்க. அன்னிக்கே அந்த ட்யூட்டர் பேச்சுல பாதியை தள்ளி வெச்சுட்டேன்.

புரோகிராமை மாத்தணும்ங்கற மீதி பாதி மட்டும் மனசை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. புதுசு விலை அதிகம்னு வேற ஒரு பிரபலமான புரோகிராமோட பழைய செட்டை ஒருத்தர் விக்கறாங்கன்னு பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரைக்கும் போனோம். 80 கிலோமீட்டர்தான், ஆனா என்-3 ஹைவேல லாரிங்க நடுவுல போய்ச் சேர அரை நாள் ஆயிடுச்சு. போனா டீச்சர் மேனுவல் முதல் எடிஷன், ஆக்டிவிட்டி புக் ரெண்டாவது எடிஷன், பக்கமும் சேரல பாடமும் சேரல, சத்தத்துக்கான எழுத்துங்களை காட்டற ஃபோனோகிராம் கார்டுல பாதி இல்ல. கேட்டா நெட்ல பிரிண்ட் எடுத்துக்கலாம்ங்கறாங்க. போன்ல முழு செட்னு சொன்னவங்கதான். வாங்காம திரும்பிட்டோம், எங்க வீட்டுக்காரர் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசல. பழைய செட் வாங்கறவங்க தயவுசெஞ்சு மேனுவலோட முதல் பக்கத்தையும் கார்டுங்களை எண்ணி அடுக்கினதையும் போட்டோ அனுப்பச் சொல்லிட்டு அப்புறம் காரை எடுங்க.

அந்த ராத்திரிதான், பிள்ளை எந்த லெவல்ல ஆரம்பிக்கணும்னு காட்டற பிளேஸ்மென்ட் டெஸ்ட் நினைப்பு வந்துச்சு. நல்ல புரோகிராம் நிறைய பேர் அவங்க வெப்சைட்ல இதை இலவசமா வெச்சிருக்காங்க. எங்ககிட்ட இருந்த புரோகிராமோடதும் மாத்தலாம்னு நினைச்சதோடதும் ரெண்டையும் பிரிண்ட் எடுத்து, ரீடிங்கை ஒரு நாள், ஸ்பெல்லிங்கை வேற நாள் வெச்சேன். முக்கியமா அர்த்தமே இல்லாத வார்த்தைங்க இருக்கற லிஸ்டை படிக்க வெச்சேன், ஏன்னா மனப்பாடம் பண்ணி படிக்கற பிள்ளை அதுல மாட்டிக்கும். இவ மாட்டல, அழகா கூட்டிக்கூட்டி படிச்சா. அப்போ ரீடிங்ல குறை இல்ல. ஸ்பெல்லிங்ல மட்டும் ரெண்டு புரோகிராமுமே முதல் லெவலுக்கு போன்னு சொல்லுச்சு. அதாவது புதுசை வாங்கியிருந்தாலும் அங்கேயேதான் வந்து நின்னிருப்போம். படிக்கறப்போ எழுத்து கண்ணு முன்னாடி இருக்கு, எழுதறப்போ க் சத்தத்துக்கு சி-யா கே-யா சி-கே-யான்னு பிள்ளையே தேடி எடுக்கணும், ரெண்டும் ஒரே வேகத்துல போகணும்னு எந்த கட்டாயமும் இல்ல. எங்களுக்கு காம்போவா வித்த கடைக்காரர் ரெண்டையும் ஒரே லெவல்லயே போடணும்னு அடிச்சு சொல்லியிருந்தார்.

அடுத்தது, தப்புங்களை ஒரு பேப்பர்ல பிரிச்சு எழுதினேன். பாத்தா அதுல ஒரு பெரிய கூட்டம் அமெரிக்க உச்சரிப்பால வந்தது. அவங்க ஆர் சத்தத்தை நல்லா உருட்டுவாங்க, அதனால ஓ ஆர் வேற, ஏ டபிள்யூ வேறன்னு காதுலயே தெரியும். இங்க டர்பன்ல யாரும் அந்த ஆரை சொல்றதில்ல, ரெண்டும் ஒரே சத்தம், பிள்ளை காதுல விழுந்ததை சரியாத்தான் எழுதியிருக்கா. அந்த புக்குல கிளாஸ், லாஸ்ட், பாத் எல்லாம் கேட், பேட்டோட ஒரே லிஸ்ட்ல இருக்கும், இங்க எல்லாரும் ஆ-ன்னு இழுத்து சொல்றாங்க. பென்னு சொன்னா இந்த ஊர்ல கிட்டத்தட்ட பின்னு கேக்கும். பாவம் அவ என்ன பண்ணுவா. இதுக்கு புரோகிராமை தூக்கிப் போட வேண்டியதில்ல, ஜாலி ஃபோனிக்ஸ் பிரிட்டன்ல வந்தது, 42 சத்தம், அதுல ஓ ஆர், ஏ யூ, ஏ டபிள்யூ, ஏ எல் நாலும் ஒரே சத்தத்துக்கு மாற்று எழுத்துன்னு சேர்ந்தே வரும், அந்த சார்ட்டை மட்டும் எடுத்து சுவத்துல ஒட்டிட்டேன்.

இன்னொரு கூட்டம் நம்ம தமிழ் காதால வந்தது, ஆனா அதை சரி பண்ணினதும் தமிழ்தான், இதை அந்த ட்யூட்டர் கேக்கணும். ட்ரிப்ல எத்தனை சத்தம்னா ரெண்டுன்னா, ட்ரி, ப். நமக்கு உயிர்மெய் ஒரே எழுத்து இல்லையா, அப்படியேதான் அவளுக்கு கேக்குது. சரி புள்ளி வெச்சு பிரிச்சு எழுதுன்னேன். ட், ர், இ, ப் எழுதிட்டு நாலும்மான்னு நிமிர்ந்து பாத்தா. அன்னிலேர்ந்து ஆர் காணாம போகல. பி, டி, ஜி (B, D, G) மாதிரி சத்தத்துக்கு மட்டும் இது வேண்டாம், நம்ம ப-வும் க-வும் ரெண்டு சத்தத்துக்கும் பொதுவாச்சே, அதுக்கு தொண்டையில கை வெச்சு அதிருதான்னு பாக்கச் சொல்லுங்க.

அப்புறம் ஷார்ட் வவல் லாங் வவல்னு கத்திக்கிட்டிருந்ததை விட்டுட்டு குறில் நெடில்னு சொன்னேன். ஒரு அசையுள்ள வார்த்தையில குறிலை ஒட்டி கடைசியில க் வந்தா சி-கே, டக், பேக் மாதிரி. ரன்னோட இங் சேர்த்தா 'என்'ங்கற எழுத்து ரெண்டா ஆகுது, ரெயின்னோட சேர்த்தா ஆகல, இதை அந்த புக்கு அஞ்சாறு பக்கத்துக்கு விளக்குது. நான் கல்லோட ஐ சேர்த்தா என்னன்னு கேட்டேன், கல்லைன்னா. நூலோட? நூலைன்னா. தனிக்குறிலுக்கு அடுத்த ஒற்று இரட்டிக்கும், நெடில்னா இரட்டிக்காது, இங்கிலீஷ்லயும் கிட்டத்தட்ட அதே கதை, டபிள்யூ, எக்ஸ், ஒய்ல முடியறதுதான் விலக்கு. அவ முகத்துல வந்த சந்தோஷத்தை எனக்கு சொல்லத் தெரியல. பாட்டிக்கு உடனே போன் போட்டு சொல்லணும்னா.

ஆக, மாத்தல. ரீடிங் அதே புரோகிராம், அதே இடத்துலேர்ந்து. ஸ்பெல்லிங்கும் அதே புரோகிராம்தான், ஆனா முதல் லெவல்லேர்ந்து. அந்த முதல் லெவல் புக்குதான் எங்ககிட்ட இல்ல, இங்க ஸ்டாக்கும் இல்ல, அமெரிக்காவுலேர்ந்தே வரவழைச்சோம். அதுலயும் ஒரு அலைச்சல். கூரியர் ஆபீஸ்ல இன்வாய்ஸ் கேட்டாங்க, நான் ஆர்டர் கன்ஃபர்மேஷனை காட்டினேன், அது செல்லாது. இன்வாய்ஸோட திரும்பப் போனா சிஸ்டம் ஆஃப்லைன், நாளைக்கு வாங்க. மறுபடி போனா கவுண்டர்ல இருந்தவர் உள்ள காந்தம் ஒட்டின டைல்ஸ் இருக்கு, இது பொம்மைங்கறார். புக்குன்னா கஸ்டம்ஸ் டியூட்டி கிடையாது, 15 சதவீத வாட் மட்டும்தான், பொம்மைன்னு எழுதிட்டா கணக்கு மாறிடுமோன்னு எனக்கு பயம். இன்வாய்ஸ்ல புக்கு தனி வரி, டைல்ஸ் தனி வரின்னு விலையோட இருந்ததை ஒவ்வொரு வரியா விரல் வெச்சு காட்டி, மேல இருக்கற அம்மாவை கூப்பிட்டு பேசி, புக்கை புக்குன்னே போட வெச்சுட்டுதான் வந்தேன். ஆர்டர் போடறப்பவே விலை பிரிச்ச இன்வாய்ஸை பிடிஎஃப்பா அனுப்பச் சொல்லி பிரிண்ட் எடுத்து வெச்சுக்கோங்க, போன்ல காட்டினா ஒத்துக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, எந்த முடிவுக்கும் முன்னாடி பிள்ளையோட காதையும் கண்ணையும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க. எங்களுக்கு எல்லாம் சரியா இருந்துச்சு, ஆனா அடிக்கடி சளி பிடிக்கற பிள்ளைக்கு காதுக்குள்ள நீர் கட்டி சத்தம் மந்தமா கேக்கலாம், அதுக்கு எந்த புரோகிராமும் ஒண்ணும் பண்ண முடியாது.

இப்போ முதல் லெவல் முடியப் போகுது. டிக்டேஷன்னா அழறதில்ல. போன வாரம் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டுக்கு லிஸ்ட் அவதான் எழுதினா, சிக்கனுக்கு சி-கே போட்டிருந்தா. பென், பின் மட்டும் இன்னும் குழம்புது, அதுக்கு தினமும் காலையில ரெண்டு வார்த்தையும் மாத்தி மாத்தி சொல்லி எது எதுன்னு கை காட்ட வெக்கறேன். ரெண்டாவது லெவலுக்கு ஆர்டர் போட்டாச்சு, இன்வாய்ஸ் பிரிண்ட் எடுத்து ஃபைல்ல இருக்கு.