புதுச் செடியின் கட்டுரையில் என் பெயரைச் சேர்க்க வைத்த கதை

கட்டுரை ஒருவழியாக வெளியாகிவிட்டது, ஆசிரியர் வரிசையில் என் பெயரும் இருக்கிறது. ஆனால் இதற்காக அலைய விட்ட கோபம் இன்னும் ஆறவில்லை.

செடியைக் கண்டது, பூவும் காயுமாகச் சேகரித்தது, உலர்த்தி ஹெர்பேரியத்தில் (உலர்ந்த செடி மாதிரிகளைச் சேமித்து வைக்கும் காப்பகம்) ஒப்படைத்தது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. அறிந்த எந்தச் சிற்றினத்தோடும் பூ ஒத்துப்போகவில்லை. அந்தப் பேரினத்தில் பழுத்த அனுபவமுள்ள ஒரு மூத்த ஆய்வாளருக்குப் படங்களையும், அளவுகளையும், நெருங்கிய இனங்களோடு நான் செய்த ஒப்பீட்டு அட்டவணையையும் அனுப்பினேன். "பார்த்துச் சொல்கிறேன்" என்றார். அப்புறம் பேச்சே இல்லை. அதே செடி புதிய சிற்றினமாக ஓர் ஆய்விதழின் பரிசீலனையில் இருப்பதாக அவருடைய இணை ஆசிரியர் ஒருவர்தான் சொன்னார், பிரதியையும் காட்டினார். அட்டவணை அப்படியே இருந்தது. என் பெயர் நன்றியுரையில், உதவியவர்கள் கூட்டத்தில் கிடந்தது.

மூத்த ஆய்வாளரிடம் கேட்டதற்கு, "சேகரித்தவரெல்லாம் ஆசிரியராக முடியாது" என்று பதில். வெறும் சேகரிப்பு என்றால் அது நியாயம்தான். வேறுபாட்டைக் கண்டு, அளந்து, எழுதிக் கொடுத்ததற்குமா?

தாவரப் பெயரிடல் விதித்தொகுப்பு கைகொடுக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரிப்பு உண்டா, ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமாகக் குறிக்கப்படும் ஒரே மாதிரி) எது, அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்றுதான் அது கேட்கும். முதலில் கண்டவர் யார் என்று கேட்காது. 2012 முதல், ஐ.எஸ்.எஸ்.என். (இதழ்களுக்கான பன்னாட்டு அடையாள எண்) உள்ள இதழ் இணையத்தில் பி.டி.எஃப். ஆக வெளியிட்டாலே போதும், அச்சு வேண்டியதில்லை. முறைப்படி வெளியான பெயரை, அறம் தவறிப் பெற்றது என்று சொல்லி நீக்கவும் முடியாது. அதனால் வெளியாகும் முன்பே எழுத்தில் ஆட்சேபம் சொல்லிவிடுங்கள்.

நான் அப்படி எழுதியதும் இதழின் பதிப்பாசிரியர் பரிசீலனையை நிறுத்திவைத்தார். ஆனால் யார் ஆசிரியர் என்பதை நிறுவனம்தான் விசாரிக்க வேண்டும் என்றார். பெரும்பாலான இதழ்கள் அப்படித்தான் சொல்லும். நிறுவனத்திலோ மாதிரி ஒப்படைத்த ரசீதைக் கேட்டார்கள். ஒப்படைத்த அன்றே நான் கேட்டதுதான் அது! "பதிவேட்டில் ஏறிவிடும், தாள் எதற்கு?" என்று அனுப்பிவைத்த அதே எழுத்தர், இப்போது பதிவேடு வேறு அறையில் இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். அடுத்த வாரமும் அதே பதில்.

கடைசியில், உலர்ந்த செடியை ஒட்டிய மாதிரித் தாளையாவது காட்டுங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். அலமாரியிலிருந்து எடுத்தார்கள். சீட்டில் என் பெயர், தேதி, என் சேகரிப்பு எண். கட்டுரைப் பிரதியில் ஹோலோடைப்புக்கு அதே எண்தான், சேகரித்தவர் பெயர் மட்டும் அந்த மூத்த ஆய்வாளருடையது! என் களக்குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்ததும் விசாரணைக் குழுவுக்கு வேறு கேள்வி இருக்கவில்லை. ஒவ்வொரு செடிக்கும் தொடர் எண் போட்டு, மழையில் அழியாத பென்சிலால் அன்றன்றே எழுதுங்கள். தாளைப் படமெடுத்து, நிபுணருக்கு அனுப்பும் மின்னஞ்சலிலேயே இணைத்துவிடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். கட்டுரையின் ஆசிரியர்களும் சிற்றினப் பெயருக்குப் பின்னால், பெயரிட்டவர்கள் என்று வரும் ஆசிரியர்களும் ஒரே ஆட்களாகவே இருக்க வேண்டும் என்று விதி இல்லை. மெய்ப்புப் பிரதியில் என்னைக் கட்டுரையில் சேர்த்துவிட்டு, செடியின் பெயருக்குப் பின்னால் அவர் பெயரை மட்டும் விட்டிருந்தார்கள். அதையும் திருத்த வைத்தேன். ஐ.பி.என்.ஐ. என்னும் பன்னாட்டுத் தாவரப் பெயர்ப் பட்டியலில் இப்போது என் பெயரும் சேர்ந்தே இருக்கிறது.