மேகம் விலகினால்தான் படகுக் காசு தகும்: லாங்யியர்பியெனில் கடல் கலங்கல் அளக்கப் போகிறவர்களுக்கு

திரும்பி வந்த சூட்டோடு எழுதுவதால் முதலில் எரிச்சலைக் கொட்டிவிடலாம். கடல் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று காட்டும் செயற்கைக்கோள் படம் இலவசம். அதை அலசும் மென்பொருளும் இலவசம். அந்தப் படம் சொல்வது சரியா என்று பார்க்க ஒரு வாளித் தண்ணீர் மொள்ளத்தான் சொத்தை விற்க வேண்டியிருக்கிறது.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம், வட அட்சம் 78 டிகிரி. லாங்யியர்பியென் ஊருக்கு முன்னால் அட்வென்ட் ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கு நடுவே புகுந்த கடல். கோடையில் பனியாறுகள் உருகி, அட்வென்ட் ஆறும் ஊர் நடுவே ஓடும் லாங்யியர் ஆறும் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்து அதில் விழுகின்றன. நீலக் கடலில் அந்தப் பழுப்பு விசிறி விரிவதை விண்வெளியிலிருந்து பார்த்தால் அப்படியே தெரியும். குளிர்கடல் கலங்கலைப் படித்துப் பழக இதைவிட நல்ல இடம் இருக்குமா, சந்தேகம்தான்.

ஸ்வால்பார்ட், ஐரோப்பாவின் பொது விசா வட்டாரமான ஷெங்கனின் எல்லைக்கு வெளியே இருப்பது பலருக்குத் தெரியாது. ஆஸ்லோ வழியாகப் போய்வர இரு முறை நுழையும் விசா வேண்டும். ஒரு முறை விசாவோடு போனால் திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். விமான நிலையத்திலிருந்து ஊர் 5 கிலோமீட்டர். விமான நேரத்தை ஒட்டிப் பேருந்து வரும், அதில் ஏறுங்கள். பெட்டி கனமாக இருக்கிறதென்று டாக்ஸியில் ஏறினால் அந்த 5 கிலோமீட்டருக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு போய்விடும். ஊர் மேட்டில் நீபியென் பகுதியில் பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளை விடுதியாக்கியிருக்கிறார்கள். சமையலறை உள்ள அறையைப் பிடித்து, புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொண்டுபோனால் பாதி பட்ஜெட் மிஞ்சும். குளிரில் கை மரத்துப்போய் வந்த பிறகு சுடுசோற்றில் புளிக்காய்ச்சல் பிசைந்து சாப்பிட்டால், அந்த ஊரில் எந்த உணவகத்து ஐட்டமும் பக்கத்தில் நிற்காது.

மிஞ்சிய காசை எங்கே போடுவது? விலை கூடிய கருவியில் போடாதீர்கள். கூடுதல் நாட்களில் போடுங்கள். இங்கே ஓடுவது மேகத்தோடு நடக்கும் சூதாட்டம். தேதி குறித்துப் படகு பேசினால் அன்றைக்குப் பார்த்து மேகம் மூடும், முன்பணம் தண்டம். வானிலை பார்த்து முந்தைய நாள் உறுதி செய்யலாம் என்று ஒப்புக்கொள்கிற படகுக்காரரிடம் மட்டும் பேசுங்கள். ஆறுதல் ஒன்று உண்டு. துருவத்தை நெருங்க நெருங்க சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள்களின் பாதைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், இந்த அட்சத்தில் அநேகமாக தினமும் ஒரு கடப்பு (செயற்கைக்கோள் மேலே கடந்து போவது) கிடைக்கும்.

போகும் மாதம் முக்கியம். ஜூன் 21 நண்பகலில்கூட இங்கே சூரியன் 35 டிகிரிக்கு மேல் ஏறாது. ஆகஸ்ட் கடைசியில் 20 டிகிரிதான். செப்டம்பர் 22ல் 12. சூரியன் தாழத் தாழ ஒளி காற்றுமண்டலத்தில் வெகுதூரம் ஓடி வரும். படத்தில் காற்று சேர்த்த ஒளியைக் கழிக்கும் காற்றுமண்டலத் திருத்தம் கைவிட்டுவிடும். உருகுநீரும் வேண்டும், வெளிச்சமும் வேண்டுமென்றால் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைதான். செப்டம்பரில் டிக்கெட் மலிவு என்று போனால் படம் அழகாக இருக்கும், எண் எதுவும் தேறாது.

எந்தச் செயற்கைக்கோள்? சென்டினல்-3 படத்தில் ஒரு புள்ளி 300 மீட்டர். சில கிலோமீட்டரே அகலமான ஃபியோர்டுக்கு அது தடித்த தூரிகை. லேண்ட்சாட் 8, 9 இரண்டும் 30 மீட்டர், பரவாயில்லை. சென்டினல்-2ன் சிவப்புப் பட்டை, அதாவது சிவப்பு ஒளியை மட்டும் பதியும் அடுக்கு, 10 மீட்டர். சென்டினல் படங்கள் கிடைக்கும் கோப்பர்நிக்கஸ் உலாவி என்ற இணையதளத்தில் முதல் நிலைப் படத்தை, அதாவது 1சி என்று குறித்திருப்பதை, எடுங்கள். திருத்தியே தருகிறார்களே என்று 2ஏ படத்தை எடுக்காதீர்கள். அந்தத் திருத்தம் நிலத்துக்காகச் செய்தது. கடலுக்கு அக்கோலைட் என்ற இலவச மென்பொருள் நன்றாக வேலை செய்கிறது. ஃபியோர்டின் எல்லைகளைக் கொடுத்து வெட்டிக்கொண்டால் சாதாரண மடிக்கணினியே போதும்.

கணக்கு இதுதான். சிவப்புப் பட்டையில் நீரின் பிரதிபலிப்பை (விழுந்த ஒளியில் திரும்பி வரும் பங்கை) 228.1ஆல் பெருக்கி, (1 − பிரதிபலிப்பு ÷ 0.1641) என்பதால் வகுக்க வேண்டும். பிரதிபலிப்பு 0.03 என்றால் கலங்கல் சுமார் 8.4 எஃப்.என்.யூ (கலங்கலை அளக்கும் அலகு). 0.05 வரை சிவப்பை நம்பலாம். 0.07ஐத் தாண்டினால் சிவப்பு நிறைவுற்றுவிடும். அகச்சிவப்புக்குத் தாவி 3078.9, 0.2112 என்ற எண்களைப் போட வேண்டும். நடுவில் இரண்டையும் விகிதமாகக் கலக்க வேண்டும். டாக்லியோட்டி என்ற ஆய்வாளரின் குழு 2015ல் 645, 859 நானோமீட்டருக்குத் தந்த எண்கள் இவை. சென்டினலின் சிவப்பு 665ல் இருக்கிறது. அங்கே தண்ணீரே ஒளியைக் கொஞ்சம் கூடுதலாக விழுங்குவதால் கலங்கலைக் குறைத்துக் காட்டும். வாளித் தண்ணீர் அதற்குத்தான்.

கையால் கணக்குப் போடுகிறவர்கள் கவனிக்க: 2022 ஜனவரி 25லிருந்து சென்டினல்-2 படங்களில் ஒவ்வொரு எண்ணிலும் 1000 கூட்டியிருக்கிறார்கள். கழிக்க மறந்தால் பிரதிபலிப்பில் 0.1 ஏறிவிடும், தெளிந்த கடல்கூடச் சேறாகத் தெரியும்.

கரைப்பக்க எண்களை நம்பவே வேண்டாம். மலைமேல் பனி பளபளக்கிறது, அந்த ஒளி காற்றில் சிதறி இருண்ட கடல் புள்ளிகளில் விழுகிறது. கரையில் நின்று மொண்ட தண்ணீர் படத்தோடு பொருந்தாததற்குப் பாதிக் காரணம் இதுதான். குறைந்தது 500 மீட்டர், முடிந்தால் ஒரு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். படகுச் செலவு தவிர்க்க முடியாதது அதனால்தான். அட்வென்ட் ஆற்று முகத்தில் வற்றத்தில் சேற்றுத்திட்டு வெளியே தெரியும். அதைக் கலங்கல் நீர் என்று மென்பொருள் படித்துவிடும், ஓத அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1600 நானோமீட்டர் பட்டையில் 0.0215க்கு மேல் போகும் புள்ளிகளை வெட்டினால் நிலம், மேகம், பெரிய பனிக்கட்டி எல்லாம் போய்விடும். ஒரு புள்ளிக்குள் அடங்கும் சின்னக் கட்டிகள் தப்பிவிடும், அவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

படகில் செய்ய வேண்டியது. உருகுநீர் நன்னீர், உப்புக்கடல் மேல் மெல்லிய போர்வையாக மிதக்கிறது. செயற்கைக்கோள் பார்ப்பது அந்தப் போர்வையைத்தான். 5 மீட்டர் ஆழத்தில் மொண்டால் வேறு கடலை அளந்தவராவீர்கள். மேல் அரை மீட்டருக்குள் மொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தச் சொல்லி, முன்பக்கத்திலிருந்து, படகு கலக்காத நீரை எடுங்கள். சுழலி ஒரு சுற்று சுற்றினாலே போர்வை கலைந்துவிடும். படகுக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும், காசு நம்முடையது. கடப்பு நேரத்துக்கு முன்பின் ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஓதம் திரும்பினால் விசிறியும் நகர்ந்துவிடும்.

கலங்கல்மானி 860 நானோமீட்டர் விளக்கு உள்ளதாக இருக்கட்டும். வெள்ளை விளக்குக் கருவி வேறு அலகில் பேசும். குளிர்ந்த நீரை ஊற்றியதும் குப்பி வெளியே வியர்க்கும், கலங்கல் எகிறும். சூடாகட்டும் என்று காத்திருந்தால் உள்ளே காற்றுக்குமிழ் பிரியும், அப்போதும் எகிறும். சூடேற்றாத இடத்தில் வைத்து, துடைத்து, உடனே படிப்பதே வழி. குப்பியைக் குலுக்காமல் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். உப்பு பட்ட பனியாற்று மாவு (பனியாறு அரைத்த பாறைத்தூள்) திரண்டு சடசடவென்று அடியில் இறங்கிவிடும். மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் வையுங்கள்.

வண்டலை எடை பார்க்க வடிதாள்களை ஊரிலேயே எடைபோட்டு எண் எழுதிக் கொண்டுபோங்கள். பழுப்பு நீர் 100 மில்லி போதும், தெளிந்த நீருக்கு ஒரு லிட்டராவது வேண்டும். பிறகு வாலை வடிநீரால் மூன்று முறை, தாளின் விளிம்பு உட்பட, அலசுங்கள். ஒரு மில்லி கடல்நீர் தங்கினாலே காய்ந்த பின் 35 மில்லிகிராம் உப்பு நிற்கும். தெளிந்த நீரில் நீங்கள் தேடும் வண்டலே சில மில்லிகிராம்தான்.

வடக்கே கோங்ஸ் ஃபியோர்டுக்கும் போகிறவர்கள் உண்டு. நீ-ஆலசுண்டில் 2008ல் திறந்த நம் ஹிமாத்ரி ஆய்வு நிலையமும் அங்கேதான் இருக்கிறது. அங்கே கலங்கல் செந்நிறம்; பாறையே சிவப்பு. அட்வென்ட்டில் பொருத்திய சமன்பாட்டை அங்கே அப்படியே தூக்கிப் போடாதீர்கள், புதிதாகப் பொருத்துங்கள். இன்னொன்று: அந்த ஊரைச் சுற்றி 20 கிலோமீட்டர் வானொலி அமைதி. வைஃபையும் புளூடூத்தும் கூடாது. புளூடூத்தில் மட்டும் பேசுகிற கருவியைக் கொண்டுபோனால் பெட்டியிலேயே கிடக்கும். கம்பிவடம் எடுத்துப் போங்கள்.