கடற்கரை வீட்டுல ஹைட்ரேஞ்சியா வைக்கிறவங்களுக்கு

கொடைக்கானல், ஊட்டி போயிட்டு வர்றவங்க அந்த நீலக் கொத்துப்பூ தொட்டி ஒண்ண பஸ்ல மடியிலயே வச்சு கொண்டு வந்துடுறாங்க, ராமேஸ்வரத்துக்கு முன்னால இருக்குற எங்க மண்டபம் ஊர்ப் பக்கம் இப்போ நிறைய வீட்டுல பாக்குறேன். எல்லாரும் கேக்குறது "வெயில் தாங்குமா?"ன்னு தான். வெயிலுக்காச்சும் வழி இருக்குங்க, அந்தச் செடிய இங்க கொல்றது நம்ம மண்ணும் போர் தண்ணியும் தான்.

வெயில முதல்ல சொல்லிடுறேன். காலை வெயில் மூணு நாலு மணி நேரம் படணும், அப்புறம் முழுக்க நிழல், அதனால கிழக்கு பாத்த வாசல் தான் சரியான எடம், மேற்குச் சுவர் பக்கம் வேண்டவே வேண்டாம். சித்திரை வைகாசில காலை வெயிலே சுடும், மேல பச்சை ஷேட் நெட் கட்டிடுங்க. மத்தியானம் இலை தொங்குனதும் பதறி தண்ணி ஊத்தாதீங்க, மண்ணுல விரல விட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா சாயங்காலம் தானா நிமிந்துக்கும், ஈரத்து மேல ஈரம் ஊத்துனா வேர் அழுகிடும். இன்னொண்ணு கச்சான் காத்து, அதாவது மேற்க இருந்து அடிக்கிற காத்து. ஆனி ஆடில உப்பையும் மணலையும் அள்ளிட்டு வந்து அடிக்கும்ல, அப்போ இலை ஓரம் கருகுறத வெயில்னு நெனச்சு செடிய இன்னும் இருட்டுக்குள்ள தள்ளுறாங்க, பாவம். காத்துக்கு மறைவா ஒதுக்கி வச்சாலே போதும்.

இப்போ மண்ணு. நம்ம கரையோர மணல்ல கிளிஞ்சலும் பவளப்பாறைத் தூளும் கலந்து கிடக்கு, எல்லாமே சுண்ணாம்பு. சந்தேகமா இருந்தா தோட்டத்து மண்ணு ஒரு கை எடுத்து வினிகர் ஊத்திப் பாருங்க, நுரைச்சு வந்தா சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம். அந்த மண்ணுல இரும்பு இருந்தாலும் ஹைட்ரேஞ்சியா வேரால எடுக்க முடியாது, அதான் நரம்பு மட்டும் பச்சையா இருந்து இலை மஞ்சளாகுது, எரு எவ்ளோ போட்டாலும் அது மாறாது. பூ நெறமும் இதே கதை தான். மண்ணோட பிஎச் (புளிப்பு அளவு, எண் கொறையக் கொறைய புளிப்பு அதிகம்) 5.5க்கு கீழ இருந்தா அலுமினியம் கரைஞ்சு செடிக்குள்ள போய் பூ நீலமாகும், 6.5க்கு மேல போனா பிங்க். ஊட்டி மண்ணு புளிப்பு மண்ணு, அங்க நீலமா பாத்தது இங்க வந்து பிங்க்கா பூத்தா நர்சரிக்காரர் ஏமாத்திட்டார்னு சண்டைக்குப் போகாதீங்க. வெள்ளை ரகம் மட்டும் எந்த மண்ணுலயும் நீலமாகாது.

அதனால தரையில வைக்காதீங்க, தொட்டி தான். சிமெண்ட் தொட்டியும் வேண்டாம், அதுலயும் சுண்ணாம்பு கசியும், பிளாஸ்டிக்கே நல்லது. செம்மண், நல்லா மக்குன இலை, தென்னை நார்க்கழிவு மூணையும் கலந்துக்கங்க. நார்க்கழிவ மட்டும் நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவ அலசிடணும், உப்பு நிறைய இருக்கும். அடியில தண்ணி தேங்கக் கூடாது.

இவ்ளோ செஞ்சுட்டு போர் தண்ணிய ஊத்துனா எல்லாம் வீண், கொஞ்ச நாள்லயே தொட்டி மண்ணு மேல வெள்ளையா உப்புப் பூக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில மொட்டைமாடித் தண்ணிய டிரம்முல புடிச்சு மூடி வைங்க, அது இந்தச் செடிக்கு அமிர்தம்.

பூ பத்தி உள்ளதச் சொல்லணும். நாம வாங்குற பெரிய இலை ரகத்துக்கு மொட்டு கட்டணும்னா சில வாரம் 18 டிகிரிக்கு கீழ குளிர் வேணும், நம்ம கரையில மார்கழி ராத்திரி கூட 20க்கு மேல தான். வாங்கிட்டு வந்த கொத்து வாடுனதுக்கு அப்புறம் இலை செழிப்பா வளரும், பூ மறுபடி வர்றது ரொம்ப அபூர்வம். அப்புடி வரும்னு ஆசை இருந்தா பூ வாடுன உடனே லேசா கவாத்து பண்ணிடுங்க, பிந்தி வெட்டுனா வரப்போற மொட்டும் சேர்ந்து போயிடும். ஆடு இருக்குற வீடுன்னா தொட்டிய எட்டாத உயரத்துல வைங்க, இலை, மொட்டு எல்லாமே ஆட்டுக்கு விஷம்.