அப்பாட 13 வருசத்து கொம்பியூட்டர்: எறியிறதா, திருத்துறதா

போன மாசம் மழை ரெண்டு நாள் விடாம ஊத்தினதுக்குப் பிறகு அப்பாட பெட்டி எழும்பேல்ல. பட்டனை அமத்தினா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மொனிட்டர்ல மட்டும் ஒண்டுமில்ல, உள்ளுக்க இருந்து நீளமா பீப் பீப் எண்டு விட்டு விட்டு ஒரு சத்தம். அப்பா பக்கத்தில கதிரையைப் போட்டு இருந்துகொண்டு "தம்பி, எறிஞ்சு கிறிஞ்சு போடாத, உள்ளுக்க ஆக்கள் கிடக்கினம்" எண்டார். அவர் சொன்ன ஆக்கள் ஆரெண்டு பிறகு சொல்லுறன்.

பெட்டி 2012ல எடுத்தது. புரொசெசர் கோர் ஐ3, ரெண்டாம் தலைமுறை, 4 ஜிபி ராம் (வேலை நடக்கேக்க பாவிக்கிற நினைவகம்), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், வின்டோஸ் 7ல வந்து பிறகு 10 ஆக்கினது. வீடு திருகோணமலை உப்புவெளியில, எங்கட மதிலுக்கும் கடலுக்கும் இடையில ஒரு ரோட்டும் கொஞ்சத் தென்னையும்தான். இங்க இருக்கிற ஆக்களுக்குத் தெரியும், கேற்றுக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா பெயின்ற் அடிக்காட்டி கையோட வரும், அப்ப கொம்பியூட்டர் மட்டும் எப்பிடித் தப்பும்?

முதல்ல டவுனுக்குத்தான் கொண்டு போனன், மழைக்குள்ள ஓட்டோல பெட்டியை மடியில வச்சுக்கொண்டு. கடையில இருந்த பெடியன் பக்கத்து மூடியைக் கூடக் கழட்டேல்ல, சத்தத்தைக் கேட்டிட்டு "மதர்போர்ட் போயிட்டுது அண்ணா, இதுக்குக் காசு செலவழிச்சு வேலையில்ல, ரிகண்டிஷன் ஒண்டு 55,000க்கு இருக்கு, எட்டாம் தலைமுறை ஐ5" எண்டான். கழட்டிப் பாக்காம எப்பிடித் தெரியும் எண்டு கேக்க வாய் வந்தது, கேக்கேல்ல, திருப்பி மடியில வச்சுக்கொண்டு வந்திட்டன். நீளமா விட்டு விட்டு பீப் அடிச்சா அனேகமா ராம் பக்கம்தான் பிழை இருக்கும், அது மட்டும் எனக்கு முந்தியே தெரியும்.

சனிக்கிழமை விறாந்தையில பேப்பர் விரிச்சு, பிளக்கைக் கழட்டிட்டுத் திறந்தன். ஐயோ. கச்சான் காத்து மாசக்கணக்கா அடிச்ச புழுதியை வாடைக்காத்து உப்பு ஈரத்தால குழைச்சு, புரொசெசரின்ட சூட்டை இழுக்கிற ஹீட் சிங்க் முழுக்க சாம்பல் நிறக் கம்பளி மாதிரி ஒட்டிக் கிடக்கு. பின்பக்க ஸ்க்ரூ ரெண்டு துருப்பிடிச்சு தலை வழுக்கிப் போச்சு. ராமைக் கழட்டி வெளிச்சத்துக்குப் பிடிச்சா, அடியில தங்க நிறத்தில மினுங்க வேண்டிய பல்லெல்லாம் மங்கி, ரெண்டு மூண்டில பச்சைப் புள்ளி. மகளின்ட பென்சில் பெட்டியில இருந்து அழிறப்பரை எடுத்து மெதுவா ஒரே பக்கமா தேச்சன், தேய்க்கத் தேய்க்க அழிறப்பர் கறுக்குது, பல்லு மினுங்குது. ஸ்லொட்டை காஞ்ச பெயின்ற் பிரஷால தட்டி, ராமை ரெண்டு பக்கமும் கிளிக் எண்டு கேக்கும்வரை அமத்திப் போட்டு பட்டனைத் தட்டினா ஒரே ஒரு சின்ன பீப், படம் வந்திட்டுது. 55,000 ரூபா வருத்தத்துக்கு மருந்து ஒரு அழிறப்பர்.

ஆனா இன்ரநெற்றுக்குப் போனா எந்தப் பக்கமும் திறக்கேல்ல, எல்லாம் பாதுகாப்பில்ல எண்டு சிவப்பில எழுதுது. கொஞ்ச நேரம் ரவுட்டரோட சண்டை பிடிச்சிட்டுத்தான் மூலையில கடிகாரத்தைப் பாத்தன், 2011 ஜனவரியில நிக்குது. போர்ட்ல இருக்கிற காசளவு பற்றரி செத்துப் போச்சு. திகதி பிழைச்சா பக்கங்களின்ட சான்றிதழ் ஒண்டும் செல்லாது, அதுதான் விசயம். சிஆர்2032, 150 ரூபா, பலசரக்குக் கடையிலேயே கிடைச்சுது.

அதோட முடிச்சிருக்கலாம். ஞாயிறு மத்தியானம் அத்தான் வந்து பாத்திட்டு, "மச்சான், நீ செத்தவனை எழுப்பி இருத்தி வச்சிருக்கிறாய், எவ்வளவு நாளைக்கு? பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிட்டு ஒண்டை எடு" எண்டார். அவர் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. வின்டோஸ் 10க்கு 2025 ஒக்ரோபர் 14ஓட வழமையான அப்டேற் நிண்டிட்டுது. 11 போடுவம் எண்டா அதுக்கு டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்பு வசதி கேக்குது, இன்ரெல் புரொசெசர் எண்டா எட்டாம் தலைமுறையில இருந்துதான் ஏற்கும், எங்கட ரெண்டாம் தலைமுறை வாசலிலேயே நிக்கவேண்டியதுதான். சுத்திக் கித்திப் போடுற வழிகள் இருக்கு, அப்பாட மெசினில எனக்கு அந்த விளையாட்டு வேண்டாம்.

சரி, வச்சிருக்கிறதா இல்லையா எண்டு முடிவெடுக்க முதல் ஹார்ட் டிஸ்க்கைச் சோதிச்சன். எச்சரிக்கை மஞ்சள் காட்டுது, பழுதாகி ஒதுக்கின செக்டர், அதாவது டிஸ்க்கின்ட சின்னச் சின்னத் துண்டுகள், நூத்துக்கு மேல. அப்பதான் நெஞ்சு திக் எண்டுச்சு, ஏனெண்டா அப்பா சொன்ன ஆக்கள் கிடக்கிறது அதுக்குள்ளதான். ஓய்வு பெற்ற பிறகு அவர் அக்கம்பக்கத்துச் செத்த வீடுகளுக்கு 31ஆம் நாள் கல்வெட்டு (செத்தவரைப் பற்றின நினைவுப் புத்தகம்) ரைப் பண்ணிக் குடுக்கிறவர், காசு வாங்கமாட்டார். 12 வருசத்துக் கல்வெட்டு, அந்த வீட்டு வம்சாவழி, ஸ்கான் பண்ணின படங்கள், எல்லாம் அந்த ஒரு டிஸ்க்கில. எங்கட அப்பம்மாவும் அதுக்குள்ளதான். முதல் வேலையா 38 ஜிபியை வெளி டிஸ்க் ஒண்டுக்கும் பென் டிரைவ் ஒண்டுக்கும் கொப்பி பண்ணினன், ரெண்டு படம் மட்டும் வரேல்ல, மிச்சமெல்லாம் வந்திட்டுது.

பிறகுதான் கணக்குப் போட்டன். எனக்கு ஒரு மனக்கணக்கு இருக்கு, மாத்தி எடுக்கிற விலையில மூண்டில ஒண்டுக்கு மேல திருத்தச் செலவு போனா நிப்பாட்டுறது. 55,000ல மூண்டில ஒண்டு 18,000 சொச்சம். 240 ஜிபி எஸ்எஸ்டி (சுத்துற பாகமில்லாத டிஸ்க்) 7,200, பாவிச்ச டிடிஆர்3 ராம் 4 ஜிபி ரெண்டு 4,000, பவர் சப்ளை 4,800 (பழசுக்குள்ள மூடி ஓட்டையால பாக்கவே ரெண்டு கப்பாசிற்றர் வீங்கித் தெரிஞ்சுது, அதைத் திறந்து திருத்தப் போகாதேங்க, பிளக்கைக் கழட்டினாலும் உள்ளுக்கு கரண்ட் தேங்கி நிக்கும்), தேர்மல் பேஸ்ட் 400, பற்றரி 150. மொத்தம் 16,550. மயிரிழையில தப்பிச்சுது. போர்ட்டும் மாத்தவேணும் எண்டு வந்திருந்தா அத்தான் சொன்னதுதான் சரி, நானே இரும்புக்காரனைக் கூப்பிட்டிருப்பன்.

இந்த போர்ட் எச்61 எண்ட வகை, அதில டிஸ்க்கைக் கொழுவுற சாற்றா இணைப்பு செக்கனுக்கு 3 ஜிகாபிற்றுக்கு மேல போகாது, அதால எஸ்எஸ்டி அதின்ட முழு வேகத்துக்கு ஓடாது எண்டு முதல்லயே தெரியும். ஆனாலும் முந்தி தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பாத்தாலும் வட்டம் சுத்திக்கொண்டு நிண்ட பெட்டி இப்ப 35 செக்கனில திறக்குது. டிஸ்க்கின்ட ஊசி அங்கையும் இங்கையும் ஓடித் தேடினதுதான் இவ்வளவு நாளும் எங்களைக் கொண்டது.

வின்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் 22 எண்ட இலவச இயங்குதளம் போட்டன், அதில எக்ஸ்எஃப்சிஈ எண்ட லேசான வகை, இந்தப் பதிப்புக்கு 2029 வரை அப்டேற் வரும். பயந்தது ஒண்டுக்குத்தான், பாமினி. அப்பாட கல்வெட்டு முழுக்க பாமினி எழுத்துருவில, எழுத்துரு இல்லாட்டி ஆங்கில எழுத்தா சிதறி, புள்ளி வைக்கிற இடமெல்லாம் அரைப்புள்ளியா நிக்கும். பழைய டிஸ்க்கில இருந்து பாமினி ஃபைலை எடுத்து ஹோம்ல ஃபொன்ட் ஃபோல்டருக்குள்ள போட்டு, லிப்ரே ஒஃபிஸ் எண்ட எழுதுற மென்பொருளில ஒரு கல்வெட்டைத் திறந்தன். தமிழ் வந்திட்டுது. தலைப்பு வரி மட்டும் ஒரு சொல்லு கீழ இறங்கி நிண்டுது, அப்பா தானே சரிப்படுத்தினார். ரைப் பண்ணுறதுக்கும் அவர் புதுசா ஒண்டும் பழகத் தேவையில்ல, விரல் போற இடம் அதேதான். இப்ப வழக்கத்தில இருக்கிற யூனிகோட் தமிழுக்கு ரெங்கநாதன் எண்ட கீபோட் அமைப்பும் போட்டு வச்சிருக்கிறன், தொடுறாரில்ல.

சிலிக்கா பக்கெட் உள்ளுக்க போடு எண்டு அத்தான் சொன்னார். ஃபேன் வெளிக்காத்தை உள்ளுக்கு இழுக்கிற பெட்டியில நாலு பக்கெட் என்ன செய்யப்போகுது? அதை விட மாரி காலத்தில தினமும் ஒரு அரை மணித்தியாலம் போட்டு விட்டா அந்தச் சூட்டுக்கே ஈரம் ஒதுங்கும், இனி அதைத்தான் செய்யிறது. பங்குனி போல ஒருக்காத் திறந்து ராமின்ட பல்லைப் பாக்கவேணும்.

அப்பாக்கு ஒரே குறை, பழைய சீட்டு விளையாட்டு இல்லையாம். வேற ஒண்டு போட்டுக் குடுத்தன், சீட்டின்ட முதுகு வடிவில்லையாம். முன்பக்க யூஎஸ்பி ரெண்டும் இன்னும் வேலை செய்யேல்ல, வயர்ப் பக்கம் துருப்பிடிச்சிருக்கும் எண்டு நினைக்கிறன், அடுத்த சனி கழட்டிப் பாக்கிறன்.