காசிமேடு சீனில் 3060, 4060: 8 ஜிபி எங்கே முட்டுகிறது

ஒருவழியாகக் காசிமேடு துறைமுக சீன், ப்ளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில் முழுசாக ரெண்டர் (சீனைக் கணக்கிட்டுப் படமாக்குவது) ஆகிவிட்டது. மாடல்மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சர் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. ஓட்டிக் கொடுத்தது தம்பி வாங்கிய புது என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு (8 ஜிபி மெமரி) இல்லை, என்னிடம் இருக்கும் 3060, 12 ஜிபி கார்டு. இரண்டையும் ஒரே மெஷினில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் கிடைத்தது இது.

மெஷின்: ரைசன் 5 3600, பி450 போர்டு, 32 ஜிபி ராம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). இருப்பது தண்டையார்பேட்டையில் மொட்டை மாடி ரூம். மே மாசத்தில் அந்த ரூமின் சூடு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

ஸ்பெக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். 2021ல் வந்த 3060ல் 3584 கூடா கோர் (கணக்குப் போடும் யூனிட்), 192 பிட் பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவிலுள்ள வழி), நொடிக்கு 360 ஜிபி பேண்ட்வித். 2023ல் வந்த 4060ல் கோர் 3072 தான், பஸ் 128 பிட், பேண்ட்வித் 272. எல்லாமே குறைவு. ஆனால் பூஸ்ட் கிளாக் 1777 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2460க்கு ஏறியிருக்கிறது, சிப்புக்குள்ளேயே இருக்கும் குட்டி மெமரியான எல்2 கேஷ் 3 எம்பியிலிருந்து 24 எம்பி ஆகியிருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் டேட்டா சிப்புக்குள்ளேயே கிடைத்துவிடுவதால் பஸ் குறுகலாக இருப்பது 1080பியில் உறைப்பதில்லை. கேமில் 4060 தெளிவாகவே முன்னால் போகிறது. ஃப்ரேம் ஜெனரேஷன் (நடுநடுவே கூடுதல் ஃப்ரேமைக் கார்டே உருவாக்குவது) போட்டால் 3060 பக்கத்திலேயே வர முடியாது.

அதோடு கரண்ட். 3060க்கு 170 வாட், 4060க்கு 115. அந்த 55 வாட் வித்தியாசம் எங்கள் ரூமில் கையில் தெரியும். கேபினட் பின்னால் கையை வைத்தால் 3060 அனல் காற்றை அடிக்கும். 4060 ஓடும்போது ஃபேன் சத்தத்தையே தேட வேண்டியிருக்கிறது. கரண்ட் போனால் யுபிஎஸ்ஸும் அதிக நேரம் தாங்குகிறது. அந்த விஷயத்தில் 4060யைச் சும்மா சொல்லக் கூடாது.

இனி ப்ளெண்டர். என் சீனில் விசைப்படகுகள், ஐஸ் பெட்டி, குவித்து வைத்த வலை. வலை படமில்லை, ஒவ்வொரு கயிறும் நிஜ கர்வ் (3டி வளைகோடு). படகுகளின் டெக்ஸ்சர் எல்லாம் நானே போய் எடுத்த போட்டோவிலிருந்து செய்தவை: உரிந்த பெயின்ட், ஆணியைச் சுற்றி வழிந்த துரு, டயர் உரசிய கறுப்புத் தடம்.

கேம்களில் டெக்ஸ்சர் சுருக்கிய நிலையிலேயே கார்டில் இருக்கும். ப்ளெண்டரின் ரெண்டர் இன்ஜினான சைக்கிள்ஸ் அப்படிச் செய்வதில்லை, விரித்துத்தான் ஏற்றும். ஜேபெக் டிஸ்கில் 5 எம்பியா 10 எம்பியா என்பது கணக்கிலேயே வராது. 4096க்கு 4096, பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு கலர் மேப் 64 எம்பி. மேடுபள்ளம் காட்டும் நார்மல் மேப்பை 16 பிட்டில் வைத்தால் 128 எம்பி. சொரசொரப்பைச் சொல்லும் ரஃப்னஸ் மேப்பை ஒற்றை சேனலில், 8 பிட்டில் சேமித்தால் 16 எம்பியோடு போகும்; அதையே ஆர்ஜிபியாக எக்ஸ்போர்ட் செய்தால் அதுவும் 64. இப்படிப் படகு படகாகக் கூட்டி, வலையின் ஜியோமெட்ரியையும் சேர்த்தால், 3060ல் டாஸ்க் மேனேஜர் 9 ஜிபியைத் தாண்டிக் காட்டுகிறது. 12 ஜிபிக்குள் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டது.

அதே ஃபைலை 4060ல் ஓட்டினால் டெடிகேட்டட் மெமரி (கார்டின் சொந்த மெமரி) 8 ஜிபியை ஒட்டி நின்றுவிடுகிறது, கீழே ஷேர்டு ஜிபியு மெமரி ஏற ஆரம்பிக்கிறது. மிச்ச டெக்ஸ்சர் ராமில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஃப்ரேமுக்கு 3060 எடுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பல பேர் கவனிக்காதது. கார்டைப் போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸில் 3060க்கு 16 லேன் (டேட்டா போகும் பாதை), 4060க்கு 8 லேன் மட்டும். இரண்டும் 4.0 கார்டுதான், ஆனால் பி450 போர்டு 3.0. சிபியு 4.0 தரும், போர்டு விடாது. 3.0ல் லேனுக்கு ஏறக்குறைய 1 ஜிபி; ஆக 4060க்கு ராமோடு பேச நொடிக்கு 8 ஜிபி வழிதான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பருக்குள் போகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரி மாதிரி டெக்ஸ்சர் வரிசையில் நிற்கிறது. கார்டு விவரம் காட்டும் ஜிபியு-இசட் டூலில் பஸ் இன்டர்ஃபேஸ் வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 1.1 என்றுதான் காட்டும். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்டை ஓடவிட்டால்தான் நிஜ வேகம் வரும்.

கார்டே மந்தமோ என்ற சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று சிம்ப்ளிஃபை பேனலில் டெக்ஸ்சர் லிமிட்டை 2048 ஆக்கி ஓட்டினேன். ஒவ்வொரு மேப்பும் கால்வாசி ஆகிறது, எல்லாம் 8 ஜிபிக்குள் அடங்குகிறது, உடனே 4060 தான் வேகம்! அதே சீன், அதே போர்டு. ஆனால் கேமராவுக்குப் பக்கத்துப் படகில் ஆணித் துரு குழைந்துபோகிறது. அந்தத் துருவுக்காகத்தானே அத்தனை போட்டோ எடுத்தது. தூரத்துப் படகுகளின் மேப்பை மட்டும் கையால் 2கேவாகக் குறைப்பதுதான் சரியான வழி. அந்த லிமிட் சீன் முழுக்க விழும், படகு பார்த்து விழாது. பாதி வேலை முடிந்திருக்கிறது.

3060 பழசு வாங்குகிறவர்களுக்கு: சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போக இப்போது மெட்ரோ வசதி, தண்டையார்பேட்டையில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். 2022 செப்டம்பரில் கிராஃபிக்ஸ் கார்டில் ஓட்டிய எத்தீரியம் கிரிப்டோ மைனிங் முடிந்த பிறகு கைமாறிய கார்டுகள் இன்னும் சுற்றுகின்றன. நான் வழக்கமாகப் போகும் கடை அண்ணன், "தம்பி, பாக்ஸப் பாக்காத, அரை மணி நேரம் லோடுல ஓடவிட்டு ஃபேன் சத்தத்தக் கேளு" என்பார். அதோடு போர்ட் இருக்கும் தகட்டையும் பாருங்கள். கடலோர வீட்டில் ஓடிய கார்டு என்றால் துரு முதலில் அங்கேதான் பிடிக்கும்.

அடுத்து இரண்டு கார்டையும் ஒரே போர்டில் ஏற்றலாமா என்று யோசனை. சைக்கிள்ஸ் இரண்டிலும் சேர்ந்து ரெண்டர் செய்யும், ஆனால் 12ம் 8ம் கூடி 20 ஆகாது. ஒவ்வொரு கார்டும் முழு சீனையும் தனித்தனியாகத் தூக்க வேண்டும். என் போர்டில் இரண்டாவது ஸ்லாட் சிப்செட்டிலிருந்து வரும் 2.0, நாலு லேன். எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்ற வேண்டும். அதைவிட 3060க்கு அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைப்பது) செய்து சூட்டைக் குறைப்பதே முதல் வேலை.

4.0 தரும் பி550 போர்டில் 4060 வைத்திருப்பவர்கள் யாராவது 8 ஜிபியைத் தாண்டும் சீன் ஒன்றை ஓட்டி, ஸ்லாட்டை பயாஸில் ஒரு தடவை 4.0, ஒரு தடவை 3.0 என்று வைத்து ஃப்ரேம் நேரத்தைச் சொன்னால் பெரிய உதவி. லேன் எவ்வளவு தின்கிறது, மெமரி எவ்வளவு தின்கிறது என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும்.