ரீச் (எத்தனை பேரைச் சென்றடைகிறோம்) குறிப்பேடு: ஏப்ரல் 2025

ஏப்ரல் 1, செவ்வாய்

யூடியூபில் நாம் போடும் குட்டி வீடியோக்களான ஷார்ட்ஸுக்கு வியூஸ் ஏறியிருக்கிறது. யாரும் கொண்டாட வேண்டாம். நேற்று, மார்ச் 31 முதல், யூடியூப் எண்ணும் முறையே மாறிவிட்டது. வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ, மறுபடி ஓடினால் இன்னொன்று. இவ்வளவு நேரமாவது பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை போய்விட்டது. பழைய கணக்கு 'எங்கேஜ்டு வியூஸ்' என்ற பெயரில் அனலிட்டிக்ஸின் அட்வான்ஸ்டு மோடில் கிடக்கிறது. விளம்பர வருமானப் பங்குக்கும் அதைத்தான் பார்க்கிறார்கள். மார்ச்சையும் ஏப்ரலையும் பக்கத்தில் வைக்கிற எந்த கிராஃபும் அந்த எண்ணில்தான் போக வேண்டும்.

ஏப்ரல் 2

ரிப்போர்ட்டில் மார்ச் 31-க்கு நேராகச் செங்குத்தாய் ஒரு கோடு. கீழே சின்ன எழுத்தில்: 'எண்ணும் முறை மாறியது.' முதலாளி அதைப் படிக்கப் போவதில்லை.

ஏப்ரல் 4

இன்ஸ்டாகிராமில் போடும் குட்டி வீடியோக்கள், அதாவது ரீல்ஸ், ரீச்சில் இறங்கிக்கொண்டே போகின்றன. மீட்டிங்கில் எல்லோருக்கும் ஒரே பதில்: "அல்காரிதம் மாறிடுச்சு." எது? ஃபீடு, ஸ்டோரி, எக்ஸ்ப்ளோர், ரீல்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசைப்படுத்தல் என்று இன்ஸ்டாகிராமே 2021-இல் சொல்லிவிட்டது. ஸ்டோரி வியூஸ் அசையவில்லை. ரீல்ஸ் மட்டும் சரிகிறது. அதிலும் ஃபாலோயர்களிடம் சரிகிறதா, வெளியாட்களிடமா? ஒவ்வொரு ரீலின் இன்சைட்ஸிலும் (புள்ளிவிவரப் பக்கம்) அந்தப் பிரிவு இருக்கிறது, திறந்து பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

ஃபாலோயர் பக்கம் விழுந்தால் ஒரே மாதிரி போட்டுச் சலிக்க வைத்திருக்கிறோம். வெளியாள் பக்கம் விழுந்தால் பரிந்துரையில் ஏதோ அடைப்பு. அப்போது பார்க்க வேண்டிய வரிசை: முதலில் செட்டிங்ஸில் அக்கவுண்ட் ஸ்டேட்டஸ், நம் கணக்கைப் பரிந்துரைக்கலாமா என்று அங்கேயே போட்டிருக்கும். அடுத்து, வேறு ஆப்பின் வாட்டர்மார்க்கோடு ஏற்றிய வீடியோ. அதற்கு ரீச் குறையும் என்று 2021-லேயே அறிவித்துவிட்டார்கள். அப்புறம், அடுத்தவர் வீடியோவை அப்படியே எடுத்துப் போடுவது. 30 நாளில் 10 தடவை அப்படிச் செய்தால் கணக்கே பரிந்துரைப் பட்டியலிலிருந்து போய்விடும், இது 2024 ஏப்ரலில் வந்த விதி. கடைசியில் பாட்டு. பிசினஸ் கணக்குக்கு வணிக உரிமம் உள்ள இசை மட்டும்தான். டிரெண்டிங் பாட்டை எடிட்டிங்கிலேயே ஒட்டி ஏற்றினால் ஒலியை அடக்கிவிடலாம், ஒலி இல்லாத ரீலை யார் பார்ப்பார்கள்?

ஏப்ரல் 5

அக்கவுண்ட் ஸ்டேட்டஸ் பச்சை. இனி 'ஷேடோபேன்' (சொல்லாமலே நம்மை மறைக்கிறார்கள் என்ற புகார்) என்ற சொல்லை யாரும் எடுக்கக் கூடாது.

ஏப்ரல் 7

லைக் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, வெளியாள் ரீச் மட்டும் குறைகிறது. ஜனவரியில் இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி சொன்னதோடு இது பொருந்திப்போகிறது. முக்கியமானவை மூன்று: பார்த்த நேரம், லைக், அடுத்தவருக்கு அனுப்புவது. ஏற்கெனவே ஃபாலோ செய்பவர்களிடம் லைக்குக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு, புதியவர்களிடம் போக, அடுத்தவருக்கு அனுப்புவதற்குத்தான் கூடுதல் மதிப்பு. வெறும் எண்ணிக்கையும் இல்லை, ரீச்சுக்கு எத்தனை என்ற விகிதம். 1000 பேரைச் சென்றடைந்து 8 பேர் அனுப்பினால் 0.8 சதவீதம். 20,000 பேரில் 60 என்றால் 0.3 தான். பெரிய எண் ஏமாற்றும்.

எக்செல்லில் புது பத்திகள்: நீளம், சராசரி பார்த்த நேரம், அதை நீளத்தால் வகுத்தது, ரீச்சுக்கு சென்ட்ஸ் (அடுத்தவருக்கு அனுப்பியது), ரீச்சுக்கு சேவ். எல்லாமே பதிவிட்ட 7-ஆம் நாள் எடுத்த எண். நேற்றைய ரீலையும் போன மாத ரீலையும் பக்கத்தில் வைத்து அலறுவதில் அர்த்தமே இல்லை. ரீல்களின் சராசரி வேண்டாம், இடைநிலை எண் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) போதும். ஒரே ஒரு வைரல் ரீல் சராசரியைத் தூக்கிவிட்டு அடுத்த மூன்று மாதத்தையும் தோல்வியாகக் காட்டும்.

ஏப்ரல் 8

யார், யாருக்கு, ஏன் அனுப்புவார்கள்? இதற்குப் பதில் இல்லாத ஸ்கிரிப்ட் இன்று மூன்று.

ஏப்ரல் 9

லோகோ சுழன்று வரும் ஆரம்பத்தை வெட்டியாயிற்று. 'வணக்கம் நண்பர்களே'யும் போச்சு. முதல் வாக்கியமே விஷயம். திரையில் எழுத்து முதல் ஃபிரேமிலிருந்தே வேண்டும், நிறையப் பேர் ஒலி இல்லாமல் பார்க்கிறார்கள். 1080-க்கு 1920 சட்டத்தில் கீழ்ப்பகுதியைக் காலியாக விட வேண்டும், கேப்ஷனும் பெயரும் அங்கே உட்கார்ந்து எழுத்தை மூடிவிடும். வலது ஓரம் பட்டன்களுக்கு. கவர் படத் தலைப்பு நடுவில். ஜனவரியில் கிரிட் (புரொஃபைல் பக்கத்தின் படக் கட்டங்கள்) சதுரத்திலிருந்து நெட்டுக்குப் போனதில் பழைய சதுரக் கவர்கள் இரு ஓரமும் வெட்டுப்பட்டு நிற்கின்றன. அவற்றை மாற்ற ஆள் இல்லை. விடு.

ஏப்ரல் 11

டிரையல் ரீல்ஸ், அதாவது சோதனை ரீல்கள். முதலில் ஃபாலோ செய்யாதவர்களுக்கு மட்டும் போகும். 24 மணி நேரத்தில் ஓரளவு தெரிந்துவிடும். 72 மணி நேரத்துக்குள் நன்றாகப் போனால் தானாகவே எல்லோருக்கும் காட்டும்படி வைக்கலாம். அதை அணைத்து வைக்க வேண்டும், சோதனை நடுவில் ஃபாலோயர் கலந்தால் எண் கெட்டுப்போகும். ஒரே வீடியோ, ஆரம்பம் மட்டும் வேறு. நீளத்தையும் சேர்த்து மாற்றலாமே என்கிறார்கள். கூடாது. இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் 12

"கமென்டில் 'ஆமாம்'னு போடுங்கன்னு கேப்ஷன்ல போடலாமே?" அப்படிக் கேட்டு வாங்கும் பதிவுகளைக் கீழே தள்ளி, ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே ஆப்பு வைத்துவிட்டது.

ஏப்ரல் 15

2018 ஜனவரியில் ஃபேஸ்புக் நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளை மேலே கொண்டுவந்து பக்கங்களைக் கீழே தள்ளியது. அதை மட்டும் நம்பியிருந்த செய்தித்தளங்கள் பட்ட பாடு தெரிந்ததே. ஃபாலோயர் பட்டியல் நம்முடையது இல்லை, இரவல். மின்னஞ்சல் பட்டியல் நம்முடையது, இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஷார்ட்ஸிலிருந்து அங்கே ஆளைக் கொண்டுபோவது எப்படி? விவரக்குறிப்பிலும் கமென்டிலும் போடும் லிங்க் 2023 ஆகஸ்ட் முடிவிலிருந்தே கிளிக் ஆவதில்லை. 'தொடர்புடைய வீடியோ' வழியாக நீள வீடியோவுக்கு, அதன் விவரக்குறிப்பிலிருந்து பதிவுப் படிவத்துக்கு. இரண்டு தாவல். ஒவ்வொரு தாவலிலும் பாதிக்கு மேல் உதிர்வார்கள்.

ஏப்ரல் 17

கேள்வியில் தொடங்கிய ஆரம்பத்தைவிட, முடிந்த வேலையை முதலில் காட்டிய ஆரம்பத்துக்குப் பார்த்த நேரம் கூடுதல். சென்ட்ஸில் வித்தியாசமே இல்லை. அப்படியென்றால் ஆரம்பம் நிறுத்தி வைக்கிறது, அனுப்ப வைப்பது வேறு ஏதோ. தலைப்புத் தேர்வுதான். மறுபடி அங்கேயே.

ஏப்ரல் 22

இன்ஸ்டாகிராமின் 'எடிட்ஸ்' ஆப் வந்துவிட்டது, வாட்டர்மார்க் இல்லாமல் எக்ஸ்போர்ட் ஆகிறது. மதியத்துக்குள் "இதுல எடிட் பண்ணா ரீச் கூடுமாமே" வந்துவிட்டது. டிரையல் ரீலில் ஒரே வீடியோவின் ஆரம்பத்தை மட்டும் மாற்றி, இந்த ஆப்பில் ஒன்று, பழைய எடிட்டரில் ஒன்று என்று

இல்லை, அது இரண்டு மாற்றம். ஆரம்பமும் ஒன்றாகவே இருக்கட்டும். செவ்வாய் ஒன்று, அடுத்த செவ்வாய் மற்றது, அதே நேரம்.